வீட்டுக்கு நம்பகமான வேக்யூம் கிளீனர்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சாட்ஸ்வொர்த் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் புதிய வேக்யூம் கிளீனர் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. புரட்டாசி விரதம் தொடங்குவதற்கு முன் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் சுத்தம் செய்து, சமையல் பாத்திரங்களையும் விளக்கி எடுத்துவைப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள பல தமிழ்க் குடும்பங்களைப் போலவே எங்கள் வீட்டிலும் வழக்கம். அதற்குள் வாங்கிவிட்டால் நல்லது. ஆனாலும் ஆவணி முழுவதும் கையில் இருப்பதால், எது தள்ளுபடியில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வராமல், நன்றாக விசாரித்து வாங்க நினைக்கிறேன்.

எங்களிடம் இருந்த இயந்திரம் உத்தரவாதக் காலம் முடிந்த சில மாதங்களிலேயே நின்றுபோனது. பழுதுபார்க்கக் கொண்டுபோன இடத்தில், அந்த மாதிரியைத் தயாரிப்பதையே நிறுவனம் நிறுத்திவிட்டது என்றும், வளைகுழாயும் வடிகட்டியும் இனி வராது என்றும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மோட்டார் கெட்டதா, வேறு ஏதாவது சிறு கோளாறா என்றுகூட யாரும் திறந்து பார்க்கவில்லை. முழு இயந்திரத்தையும் குப்பையில் போட வேண்டியதாயிற்று என்பது இன்னமும் என் மனத்தை உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் முன்னறையிலும் இரண்டு படுக்கையறைகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய கார்ப்பெட் இருக்கிறது. சமையலறையிலும் நடையிலும் டைல்ஸ் தரை. சாமி விளக்கு இருக்கும் மூலையில் விபூதியும் ஊதுபத்திச் சாம்பலும் சிந்துவது உண்டு. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணியும் போடுகிறோம். பகலில் வீட்டைக் கவனித்துக்கொள்பவர் என் மாமியார். அவருக்கு 70 வயதைக் கடந்துவிட்டது, மூட்டுவலியும் உண்டு. எனவே கனமான இயந்திரத்தை அவரால் இழுத்துக்கொண்டு திரிய முடியாது. மகனுக்கு ஆஸ்துமா இருப்பதால் தூசி பறக்காமல் சுத்தம் செய்வதும் முக்கியம்.

கடைகளில் 1,400 வாட், 2,000 வாட், 2,400 வாட் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சிலவற்றில் கிலோபாஸ்கல் கணக்கும் இருக்கிறது. வாட் கூடினால் உறிஞ்சும் சக்தி கூடுமா? பை உள்ளது நல்லதா, பை இல்லாதது நல்லதா? ஒயர் இல்லாத பேட்டரி வகை பல ஆண்டுகள் உழைக்குமா? நுண்தூசியைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய, பழுதானால் சரிசெய்யக்கூடிய இயந்திரத்தை வாங்கும் முன்பே எப்படி அடையாளம் காண்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பீனிக்ஸ் பட்டறை

வணக்கம் அக்கா. பீனிக்ஸில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்றாலும், வாட் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

வாட் என்பது இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அது எவ்வளவு தூசியை உறிஞ்சும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வேக்யூம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1,600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு விதித்தது. நிறுவனங்கள் விசிறியின் வடிவத்தையும், காற்று செல்லும் வழியையும், தரையோடு பொருந்தும் முகப்பையும் திருத்தி, குறைந்த மின்சாரத்திலேயே கம்பளத்தை நன்றாகச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை அதன் பிறகு கொண்டுவந்தன. நம் நாட்டில் அந்த வரம்பு கிடையாது. ஆகவே 2,400 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பெட்டிகளும் 900 வாட் இயந்திரங்களும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கின்றன; பெரிய எண்ணைப் பார்த்து மக்கள் முன்னதை எடுத்துச் செல்கிறார்கள். நல்ல முறையில் வடிவமைத்த 900 வாட் இயந்திரம், ஏனோதானோவென்று செய்த 2,000 வாட் இயந்திரத்தைவிட நன்றாகச் சுத்தம் செய்யும் என்பதை நான் பட்டறையில் கண்ணால் காண்கிறேன்.

கிலோபாஸ்கல் கணக்கும் ஓரளவுக்கே உதவும். அந்த எண் குழாயின் வாயை முழுவதும் அடைத்துவைத்து அளந்த உச்ச அழுத்த வேறுபாடு. அப்போது உள்ளே காற்றே ஓடுவதில்லை. காற்று ஓடாவிட்டால் தூசியும் நகராது. மாறாக, நொடிக்கு இத்தனை லிட்டர் என்று தரும் காற்றோட்டக் கணக்கு, குழாயை முழுவதும் திறந்துவைத்து அளந்தது. ஒரே இயந்திரம் இந்த இரண்டு உச்சங்களையும் ஒரே நேரத்தில் தர முடியாது. வேலை நடக்கும் இடம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் பெருக்கிக் கிடைப்பதைத்தான் ஏர்வாட் என்கிறார்கள். பெட்டியில் ஏர்வாட் கொடுத்திருந்தால் ஒப்பிட அது மற்றவற்றைவிடப் பயன்படும்.

இனி ஆயுளைப் பற்றி. ஒயர் உள்ள சாதாரண வேக்யூம் கிளீனர்களில் பெரும்பாலானவை கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் சிறு கரித்துண்டு) உள்ள மோட்டாரால் ஓடுகின்றன. அந்த மோட்டார் நிமிடத்துக்கு 30,000 சுற்று அளவில் சுழல்வது. அதைக் குளிர்விப்பது, பையையும் வடிகட்டியையும் கடந்து வரும் அதே காற்று. பை நிரம்பி வழிந்தாலோ வடிகட்டி அடைபட்டாலோ குளிர்விக்கும் காற்று நின்றுபோகிறது, மோட்டார் சூடேறுகிறது. அப்போது ஒலி உச்சத்துக்கு ஏறுவதைக் கேட்டு, இயந்திரம் இன்னும் வலுவாக இழுக்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் விசிறி தள்ள வேண்டிய காற்று குறைந்துவிட்டதால் மோட்டார் பளுவின்றி வேகமாகச் சுற்றுகிறது. அந்த ஒலி கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். நல்ல இயந்திரங்களில் சூடு மிஞ்சினால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு உண்டு. ஆறிய பிறகு மறுபடி ஓடும். அப்படி நின்ற இயந்திரத்தையும் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பழைய இயந்திரத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

கார்பன் பிரஷ் தேய்ந்துபோகும் பொருள். அதைத் தனியாக மாற்ற முடிந்தால் மோட்டாருக்கு மறுவாழ்வு கிடைக்கும், விலையும் சொற்பம். ஆனால் மலிவான இயந்திரங்கள் சிலவற்றில் மோட்டாரை ஒரே கட்டியாக மூடிவிடுகிறார்கள், உள்ளே கைவைக்க வழியில்லை. மேலே சொன்ன 2017 ஐரோப்பிய விதியில், மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும், வளைகுழாய் 40,000 முறை வளைத்தாலும் கிழியக் கூடாது என்றும் நிபந்தனை உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பயன்படுத்தும் வீட்டில் 500 மணி நேரம் என்பது ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டு. அந்தச் சந்தைக்காகச் செய்த மாதிரியே இங்கும் விற்கப்படுகிறதா என்று விசாரிப்பது வீண்போகாது.

மோட்டாரைவிட முன்னதாகக் கெடுபவை வேறு பொருள்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வளைகுழாய் கைப்பிடியோடு சேரும் இடத்தில் விரியும். ஒயரைச் சுருட்டும் பொறி சிக்கிக்கொள்ளும். தரை முகப்பின் சக்கரம் உடையும். மூடியின் கொக்கி ஒடியும். எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் சிறியவை, ஆனால் ஒன்று கிடைக்காவிட்டாலும் இயந்திரம் பயனற்றுப்போகும். ஆகவே வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த மாதிரிக்கான பையையும் வடிகட்டியையும் இப்போதே என் கையில் தர முடியுமா? வளைகுழாயைத் தனியாக வாங்க முடியுமா, யாரிடம்? இதற்குத் தெளிவான பதில் வராத இயந்திரத்தை, என்ன தள்ளுபடி கொடுத்தாலும், வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பெயர் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். ஜெர்மனியின் மீலே நிறுவனம் தன் இயந்திரங்களை 20 ஆண்டுப் பயன்பாட்டை மனத்தில் வைத்துச் சோதிப்பதாகக் கூறுகிறது. விலை அதிகம், பையும் விலை அதிகம். இங்கிலாந்தின் சார்ட் நகரில் நியூமாட்டிக் நிறுவனம் செய்யும் ஹென்றி என்னும், தரையில் இழுத்துச் செல்லும் உருளை வகை இயந்திரம் எளிய அமைப்புடையது. திருகாணிகளைக் கழற்றி உதிரிபாகங்களை மாற்றலாம் என்பதால் என்னைப் போன்றவர்களுக்குப் பிடித்தது. போஷ், எலக்ட்ரோலக்ஸ் ஆகியவற்றின் பை உள்ள மாதிரிகளுக்குப் பைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே நிறுவனமே நல்லதும் சாதாரணமானதும் செய்கிறது. பெயரைவிட மாதிரியும் உதிரிபாகமும் முக்கியம்.

மின்சாரம் தொடர்பாக ஒன்று. 2,000 வாட் இயந்திரம் நம் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஐரோப்பிய வகைச் செருகோடு வரும் இயந்திரத்தை, நம் பருத்த மூன்று முள் சாக்கெட்டில் பொருத்த மலிவான அடாப்டர் போட்டு, அதன் மேல் மெல்லிய நீட்டிப்பு ஒயரும் போட்டால், அடாப்டர் இளகிக் கருகும். தரமான அடாப்டரை வாங்குங்கள், அல்லது தெரிந்த மின்பணியாளரிடம் கொடுத்துச் செருகையே மாற்றிவிடுங்கள். ஒயர் நீளமாக உள்ள மாதிரியை எடுத்தால் நீட்டிப்பு ஒயருக்கே தேவை இருக்காது.

டோங்காட் ஆசிரியர்

மகளே, பட்டறைத் தம்பி இயந்திரத்தின் உட்புறத்தை விளக்கிவிட்டார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். நம் கடற்கரைப் பகுதியின் தூசி எப்படிப்பட்டது என்பதைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் எந்தத் தூசிக்கு எந்த இயந்திரம் என்று பாராமல் வாங்குவதுதான் பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகிறது.

டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரையில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு அரவைக் காலம். வெட்டுவதற்கு முன் வயலை எரிக்கும்போது கிளம்பும் கரிய சாம்பல் இழைகள் டோங்காட், வெருலம் பக்கம் தாழ்வாரத்திலும் சன்னல் விளிம்பிலும் வந்து படிகின்றன. காற்று திரும்பினால் இன்னும் தெற்கேயும் வரும். நீங்கள் புரட்டாசிக்குச் சுத்தம் செய்யும் நேரமும் இதற்குள்ளேதான் விழுகிறது. அந்தக் கரியை ஈரத்துணியால் துடைத்தால் மை போல இழுபட்டுச் சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். துடைப்பத்தால் பெருக்கினாலோ நொறுங்கிப் பறக்கும். முதலில் மென்மையான மயிர் உள்ள வட்டப் பிரஷைக் குழாயின் நுனியில் மாட்டி, அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதன் பின்னர் ஈரத்துணி போடுவதே சரியான முறை. ஆகவே அந்த வட்டப் பிரஷ் பெட்டியிலேயே வருகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் விற்கும் மாதிரிகளும் உண்டு.

இந்தக் கரிக்காகவே நான் பை உள்ள இயந்திரத்தைப் பரிந்துரைக்கிறேன். பை இல்லாத இயந்திரத்தின் கிண்ணத்தைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கும்போது ஒரு பகுதி மேலே எழும்பி, கவிழ்ப்பவருடைய மூக்கிலும் ஆடையிலும் படிகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாத வேலை. பை உள்ளதில் வாயை மூடிக் கழற்றி எறிந்துவிடலாம். தாள் பையைக் காட்டிலும் பல அடுக்குச் செயற்கை நார்த்துணிப் பை நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஏற்றது. தாள் ஈரம் கண்டால் தளர்ந்து கிழியும். கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் துணிப்பை சிக்கனம் என்று தோன்றும், ஆனால் அதன் நெசவின் வழியே நுண்தூசி கசிந்து மோட்டாரை நோக்கிப் போகிறது.

பை இல்லாத வகைகளில் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும், கழுவினால் குறைந்தது 24 மணி நேரமாவது காயவைத்த பிறகே மாட்ட வேண்டும். டர்பனின் கோடை ஈரப்பதத்தில் அது ஒரு நாளில் காய்வதில்லை. அரைகுறை ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வீடெல்லாம் பரவும், மோட்டாருக்கும் கேடு. மாற்று வடிகட்டி ஒன்றைக் கூடவே வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

சாமி மூலையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். விபூதி மிக நுண்ணிய பொடி. அதைக் கைநிறைய உறிஞ்சவிட்டால் பையின் துளைகள் அடைபட்டு, பை பாதிகூட நிரம்பாத நிலையிலேயே இழுவை குறைந்துவிடும். சிந்தியதை ஒரு தாளில் கூட்டி எடுத்துவிட்டு எஞ்சியதை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுங்கள். கோலமாவு, மஞ்சள்தூள், சுவரைத் தேய்த்த பூச்சுத்தூள் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாம்பிராணிக் கரியை மட்டும் ஒருபோதும் உறிஞ்ச வேண்டாம். மேலே வெளுத்து ஆறியதுபோலத் தோன்றினாலும் உள்ளே கனல் இருக்கும்; இயந்திரத்தின் காற்று அதை ஊதிவிட்டது போலாகி, பையில் தீப்பற்றும். தண்ணீர் ஊற்றி அணைத்து, மறுநாள் கையால் அள்ளிப் போடுவதே பாதுகாப்பு.

லெனேசியா அன்பர்

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒயர் இல்லாத வகையை யாரும் எடுத்துப் பேசாததால் அதன் பக்கத்து நியாயத்தை நான் எழுதுகிறேன்.

கேள்வி கேட்ட அக்காவின் வீட்டில் நாள்தோறும் அதைக் கையாளப்போகிறவர் மூட்டுவலியுள்ள மூத்தவர். உருளை வகை இயந்திரத்தை அலமாரியிலிருந்து இறக்கி, ஒயரை இழுத்து, குனிந்து செருகி, அறைக்கு அறை கழற்றி மாட்டுவது அவருக்குப் பெரும் வேலை. எடுப்பதற்குச் சிரமமான இயந்திரம் எவ்வளவு நல்லதானாலும் மூலையிலேயே கிடக்கும். சுவரில் மாட்டிய ஒயரில்லா இயந்திரம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எடை இரண்டரை முதல் மூன்று கிலோ. அந்த எடை முழுவதும் மணிக்கட்டில் விழும் என்பது உண்மை. எனவே கடையில் அவரையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஜோகானஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் மழை மிகக் குறைவு. ஆகஸ்ட் காற்றில் தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளின் மஞ்சள் புழுதி கதவிடுக்கு வழியே நுழைந்துகொண்டே இருக்கிறது. வாரம் ஒருமுறை பெரிதாகச் சுத்தம் செய்வதைவிட நாள்தோறும் சில நிமிடங்கள் எடுப்பது எங்களுக்குப் பொருந்துகிறது, அதற்கு ஒயரில்லாத வகையே வசதி.

நல்ல ஒயரில்லா இயந்திரங்களில் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இருப்பதால், மோட்டார் தேயும் என்ற கவலை குறைவு. முதலில் தளர்வது பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவை இழக்கும். வெப்பத்தில் அது விரைவாக நடக்கும். வெயில் படும் சன்னலருகே சார்ஜர் மாட்டக் கூடாது. பெட்டியில் 60 நிமிடம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில், சுழலும் பிரஷ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. கார்ப்பெட்டில் உச்ச வேகத்தில் ஓட்டினால் பத்து நிமிடம்கூடத் தாங்காதவை உண்டு. ஆகவே பேட்டரியை ஒரு பொத்தானை அழுத்திக் கழற்ற முடிகிற மாதிரியை மட்டும் பாருங்கள், தனிப் பேட்டரியின் விலையை இயந்திரத்தின் விலையோடு கூட்டியே கணக்கிடுங்கள். பேட்டரி உள்ளேயே அடைபட்டுள்ள மாதிரியை நம்பகமானது என்று நான் சொல்ல மாட்டேன்.

மின்வெட்டுக் காலத்தில் இது கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்சாரம் போனபோது, வீட்டு இன்வெர்ட்டரில் 2,000 வாட் இயந்திரத்தை ஓட்ட எங்களால் முடியவில்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 2025இல் சில நாட்கள் மட்டும் மின்வெட்டு திரும்ப வந்தது. எனவே அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒருவர் ஒயரில்லாததை வாங்க வேண்டியதில்லை.

சாட்ஸ்வொர்த் வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. விபூதியும் சாம்பிராணியும் பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். இனி கரியைத் தண்ணீர் ஊற்றியே எடுப்போம் என்றார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கடந்த வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து, தண்ணீர்த் தொட்டியில் தூசியைப் பிடிக்கும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார். எங்கள் மெத்தையின் மேல் ஓட்டி, கறுப்புத் துணியில் படிந்த வெண்தூளைக் காட்டியபோது எனக்கு அச்சமாகவே இருந்தது. விலையோ கடையில் பார்த்தவற்றைவிடப் பல மடங்கு. தவணையில் கட்டலாம் என்கிறார். ஆஸ்துமாவுக்கு அது தேவையா? மேலும், சுழலும் பிரஷ் உள்ள முகப்பு எங்கள் கார்ப்பெட்டுக்கு வேண்டுமா? முன்னறைக் கார்ப்பெட் சுருள் சுருளாக முடிச்சுப் போட்டது, படுக்கையறைகளில் இருப்பது வெல்வெட் போல மென்மையானது.

மரிட்ஸ்பர்க் செவிலியர்

தங்கையே, சுவாச நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால் உங்கள் மகனைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எந்த மெத்தையின் மேல் எந்த இயந்திரத்தை ஓட்டினாலும் கறுப்புத் துணியில் வெண்தூள் படியும். உதிர்ந்த தோலும் துணி நாரும்தான் அதில் பெரும்பகுதி. அதைப் பார்த்து அஞ்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் வாசித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: வீட்டுக்கே வந்து விற்பதுபோன்ற நேரடி விற்பனையில் வாங்கிய பொருளை, நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்து, காரணம் சொல்லாமலும் அபராதம் இல்லாமலும் விலக்கிக்கொள்ளலாம்.

ஆஸ்துமாவைத் தூண்டுபவற்றில் நம் கடற்கரை மாநிலத்தில் முக்கியமானது தூசு உண்ணி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிற்றுயிர் ஈரப்பதம் மிகுந்த இடத்தில், மெத்தையிலும் தலையணையிலும் கார்ப்பெட்டிலும் பெருகும்; அதன் கழிவுதான் ஒவ்வாமைக்குக் காரணம். உயிருள்ள உண்ணி கம்பள இழையைப் பற்றிக்கொண்டிருப்பதால் எந்த விலையுயர்ந்த இயந்திரமும் அதை முழுவதும் இழுத்துவிடாது. கழிவையும் தூசியையும் குறைக்கும், அவ்வளவே. ஆகவே பல மடங்கு விலை கொடுக்க நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, மகனின் மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை வாங்குங்கள். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். முடிந்தால் அவன் அறையின் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு டைல்ஸோ வைனைலோ போடுங்கள்; இயந்திரத்தைவிட அதனால் கிடைக்கும் பயன் அதிகம் என்பதே என் கருத்து.

ஹெப்பா என்பதற்கு வரையறை உண்டு. ஐரோப்பிய அளவுகோலில் எச்13 என்று குறித்த வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவிலுள்ள துகள்களிலும் 99.95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். பெட்டியில் ‘ஹெப்பா வகை’ என்றோ ‘ஹெப்பா போன்றது’ என்றோ எழுதியிருந்தால் அது அந்த உறுதியைத் தருவதில்லை. எச்13 என்ற குறியீட்டைத் தேடுங்கள். அதோடு, இயந்திரத்தின் மூடியும் இணைப்புகளும் ரப்பர் பட்டையால் இறுக மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசி கலந்த காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு இடுக்கு வழியே அறைக்குள்ளேயே திரும்பும்.

எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் ஓட்டும்போது கொஞ்சம் தூசி கிளம்பவே செய்யும். மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்து ஓட்டச் சொல்லுங்கள். தூசி குறைந்துவிட்டது என்று எண்ணி, மருத்துவரைக் கேட்காமல் அவனுடைய தடுப்பு இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பீனிக்ஸ் பட்டறை

அக்கா, சுழலும் பிரஷ் பற்றிய கேள்வி மிக நல்லது. வெல்வெட் போன்ற வெட்டிய இழைக் கார்ப்பெட்டில் உள்ளே இறங்கிய மணலை எடுக்கச் சுழலும் பிரஷ் உதவும். முடிச்சுப் போட்ட சுருள் கார்ப்பெட்டில் அதே பிரஷ் இழையைப் பிய்த்து இழுத்துப் பஞ்சாக்கிவிடும். அங்கே பிரஷை நிறுத்தும் வசதி வேண்டும், அல்லது சாதாரணத் தட்டை முகப்பு போதும். காற்றின் வேகத்தால் சுழலும் முகப்பைவிடத் தனி மோட்டார் உள்ள முகப்பு வலுவானது, விலையும் கூடுதல். முடி சுற்றிக்கொள்ளும் என்பதால் உருளையைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

லெனேசியா அன்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனினும் மூன்று அறை கார்ப்பெட், ஆஸ்துமா உள்ள பிள்ளை, கரும்புக் கரி, புரட்டாசிச் சுத்தம் ஆகிய இத்தனைக்கும் ஒரே இயந்திரம்தான் வாங்க முடியும் என்றால், என் வாக்கு பை உள்ள, எச்13 வடிகட்டி உள்ள, ஐந்து கிலோவை மிஞ்சாத உருளை வகைக்கே. பின்னொரு நாள் பணம் இருந்தால், மாமியாருக்காகச் சிறிய ஒயரில்லாத ஒன்றைச் சமையலறைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கடைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ரப்பர் சக்கரம் ஓடும் விதம், கால்பொத்தான் அழுத்தும் எளிமை, குழாயின் நீளத்தைக் குனியாமல் பிடிக்கும் உயரத்துக்குக் கூட்ட முடிகிறதா என்பது, இவையெல்லாம் அவர் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வாங்கிய சீட்டை அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். செவிலியர் குறிப்பிட்ட அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. கடைக்காரர் தாமாகவே பழுதுபார்க்க அனுப்பிவிட்டு அதோடு முடிந்தது என்று சொல்ல முடியாது. பழுதுபார்த்துத் தந்த பிறகும் மூன்று மாதத்துக்குள் கோளாறு தொடர்ந்தால், மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும். இணையத்தில் வாங்கினால், 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி பொருள் வந்த ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆகவே பெட்டியைப் பிரித்து உடனே ஓட்டிப் பாருங்கள், புரட்டாசிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்துவிடாதீர்கள்.

இரண்டு மூன்று மாதிரிகளைக் குறித்துக்கொண்டு வந்தால், இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை அப்படியே இங்கே எழுதுங்கள். அவற்றுக்குப் பையும் வளைகுழாயும் இந்தப் பக்கத்தில் கிடைக்கின்றனவா என்று விசாரித்துச் சொல்கிறேன்.